காப்புக்கு முந்தைய பருவம்

இளங்கலை மாணவர்களுக்கு அண்மையில் பிள்ளைத்தமிழ் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஏழாம் திங்களில் தால், ஒன்பதாம் திங்களில் சப்பாணி என்று பொதுவாகச் சொல்லப்படும் வரிசையைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, சோழவரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, காப்புக்கு முன்னால் குழந்தைக்குப் பருவமே இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பிறகுதான் தெரிந்தது, அவளுடைய அக்காவுக்கு மறுவாரம் வளைகாப்பு. இரவில் மாடியில் உலர்த்திய துணியைக் காலையில் உதறினால் கரித்தூள் உதிர்கிறது, அக்காவின் குழந்தையையும் அது ஏதேனும் செய்யுமா என்பதே அவள் உண்மையில் கேட்க விரும்பியது.

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் படித்தறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சோழவரத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஐயம் வியப்பளிக்காது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியாலும், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பின்னாளில் நடந்த கார்ப் பந்தயங்களாலும் பெயர்பெற்ற ஊர் அது. ஊரையொட்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் சரக்குந்துகள் ஓடுகின்றன. தெற்கே செங்குன்றத்து அரிசி ஆலைகள். வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகள். கிழக்கே கடற்கரையோரம் நிலக்கரி அனல்மின் நிலையங்கள். அவற்றுள் மூத்ததான எண்ணூர் நிலையம் 1970-இல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அதற்குப் பின் வந்த வடசென்னை, வல்லூர் நிலையங்கள் அதனினும் பெரியவை.

மாணவியின் வினாவுக்கு நம் இலக்கியத்தில் ஒரு விடை உண்டு. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கருவுக்கு ஒவ்வொரு திங்களிலும் நேரும் இடையூறுகளை நிரல்படக் கூறி, அவற்றிலிருந்தெல்லாம் உயிர் பிழைத்து வருவதைப் பாடுகிறார். கருப்பை அடைக்கலமான இடந்தான், எனினும் அங்கும் ஆபத்து உண்டு என்னும் உணர்வு அப்பாடலில் இருக்கிறது.

நவீன மருத்துவம் இவ்வுணர்வை வந்தடையச் சற்றுக் காலம் பிடித்தது. நஞ்சுக்கொடி என்னும் பெயரிலேயே நஞ்சு இருந்தாலும், நஞ்சைத் தடுத்து நிறுத்தும் சுவர் அது என்றே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகம் பெரிதும் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையை இரண்டு பெருந்துயரங்கள் தகர்த்தன. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற தாய்மார்கள் உட்கொண்டதால், ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால்கள் குறைவுபட்டுப் பிறந்தன. 1961-இன் இறுதியில் அம்மருந்து அங்கே திரும்பப் பெறப்பட்டது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடல் மீன்களின் வழியே மக்கள் உடலில் சேர்ந்தது. 1956-இல் அந்நோய் வெளிப்பட்டது. தாய்க்குப் பெரிய நோய்க்குறி எதுவும் தென்படாதபோதும் வயிற்றுப் பிள்ளை மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கக்கூடும் என்பது 1962-இல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.

மருந்தும் மீனும் உண்ணப்படுவன. காற்றின் நிலை என்ன? கருவிலுள்ள குழந்தை காற்றைச் சுவாசிப்பதில்லை. அதற்கு வேண்டிய உயிர்வளியைத் தாயின் குருதிதான் தருகிறது. ஆகவே தாய் இழுக்கும் புகை பிள்ளையை எட்டுமா என்பது தனியே ஆராயப்பட வேண்டியதாயிற்று.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரெடரிக்கா பெரேரா என்னும் அறிஞரின் குழுவினர் 1998-இல் இவ்வாய்வைத் தொடங்கினர். கருவுற்ற பெண்கள், நிறைமாதத்தை நெருங்கும் காலத்தில் 48 மணிநேரம் ஒரு பையை முதுகில் சுமந்து நடமாடினர். அவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பிடித்துவைக்கும் கருவி அதில் இருந்தது. நிலக்கரியும் டீசலும் விறகும் முற்றாக எரியாதபோது தோன்றும் ஒருவகை ஹைட்ரோகார்பன்களே அளக்கப்பட்டன. 2006-இல் வெளிவந்த முடிவின்படி, இவற்றை மிகுதியாகச் சுவாசித்த தாய்மாரின் குழந்தைகள் மூன்று வயதில் அறிவு வளர்ச்சித் தேர்வில் பின்தங்கினர். 2009-இல், ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நுண்ணறிவு ஈவு நான்கு புள்ளிகளுக்குச் சற்று மேல் குறைந்திருந்ததும் அறிவிக்கப்பட்டது.

புகையே நேராக உள்ளே செல்கிறதா என்னும் வினாவுக்கும் பின்னர் விடை கிடைத்தது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் 2019-இல் நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டனர். 2022-இல் அவர்களும் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கருவின் கல்லீரலிலும் நுரையீரலிலும் மூளையிலும் அத்துகள்கள் இருந்தமை தெரியவந்தது. சுவர் என்று எண்ணியது திரையாக இருந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழ்நாட்டின் நகரங்களிலும் ஊர்ப்புறங்களிலும் 1,285 கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதங்களில் தொடங்கி மகப்பேறு வரை பின்தொடர்ந்தனர். 2018-இல் முடிவு வெளியாயிற்று. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது, பிறப்பு எடை நான்கு கிராம் குறைகிறது.

நான்கு கிராம் என்பது அரைப் பவுன். இதற்கா இத்தனை கவலை என்று தோன்றலாம். ஆனால் புகை சூழ்ந்த இடங்களில் பத்துப் பத்தாகப் பலமுறை கூடுவது அரிதன்று. 2,500 கிராம் என்னும் வரம்பின் விளிம்பில் பிறக்கும் பிள்ளைக்கு ஓர் அரைப் பவுனும் பெரிது. அவ்வரம்புக்குக் கீழே பிறக்கும் குழந்தைகள் நோயையும் வளர்ச்சித் தடையையும் கூடுதலாக எதிர்கொள்கின்றனர்.

அப்படியானால் விறகடுப்பை மாற்றிவிட்டால் போதுமா? நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிகளை உள்ளிட்டு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு 24 மைக்ரோகிராம். விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு 71. இவ்வளவு வேறுபாடு இருந்தும், பிறப்பு எடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்பதே 2022-இல் வெளிவந்த முடிவு. இப்பெண்கள் ஆய்வில் சேர்ந்தபோதே மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ ஆகியிருந்தது என்பதையும் கருத வேண்டும். இதனால் எரிவாயு அடுப்பு வீண் என்று ஆகிவிடாது. சமைப்பவளின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது விடுதலைதான். ஆனால் கருவுற்ற பின் சமையலறையில் செய்யும் ஒரு மாற்றம் மட்டுமே பிள்ளையைக் காத்துவிடும் என்று தாயிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது என்பதை இம்முடிவு காட்டுகிறது.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த நிகழ்ச்சி சீனாவின் டோங்லியாங் நகரில் நடந்தது. அங்கே நிலக்கரி மின் நிலையம் ஒன்று ஊரிலேயே இயங்கிவந்தது. 2002-இல் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, தொப்புள்கொடிக் குருதியில் புகையின் சுவடு மிகுந்திருந்தவர்கள், இரண்டு வயதில் உடல் இயக்க வளர்ச்சியில் பின்தங்கியிருந்தனர். 2004 மே மாதத்தில் அரசு அந்நிலையத்தை மூடியது. அதன் பின் 2005-இல் கருவிலிருந்து வந்த மற்றொரு குழுக் குழந்தைகளைப் பெரேராவும் சீன ஆய்வாளர்களும் அதே முறையில் ஆராய்ந்தனர். குருதியில் புகையின் சுவடு குறைந்திருந்தது. முன்பு கண்ட பின்னடைவும் புலப்படவில்லை. ஊர் அதுவே, உணவும் ஏறத்தாழ அதுவே. அக்குழந்தைகளின் தாய்மார் எவரும் தனியாக எதையும் செய்துவிடவில்லை. மூடியது அரசு.

உடல் இயக்க வளர்ச்சி என்று ஆய்வாளர் சொல்வதை நம் புலவர்கள் எப்போதோ பருவங்களாகப் பகுத்துவிட்டனர். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. இரு கை சேர்த்துத் தட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. பிள்ளை உரிய திங்களில் உரியதைச் செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த கண்கள்தாம் இவ்வரிசையை வகுத்திருக்க வேண்டும்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் சொன்னேன்: "காப்புக்கு முன்னும் ஒரு பருவம் உண்டு அம்மா. நூலில் அதற்குப் பெயரில்லை." காப்புப் பருவத்தில் புலவன் தெய்வங்களை ஒவ்வொருவராக அழைத்துக் குழந்தையைக் காக்க வேண்டுகிறான். அதற்கு முந்தைய பருவத்தில் காப்பை யாரிடம் கேட்பது என்பதை டோங்லியாங் நமக்குச் சொல்லிவிட்டது.

அவள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. செங்கீரை ஆடும் நாளுக்காக வீட்டார் காத்திருக்கிறார்கள்.