ஊசிக்குத்தும் கண்ணுக்குத் தெரியாத துளியும்: மருத்துவ ஆய்வகப் பணியாளரின் தொற்று இடர்

மருத்துவ ஆய்வகப் பணியாளருக்கு ஊசிக்குத்துக் காயம் நேரும்போது, அதை அவருடைய கவனக்குறைவாகக் கொண்டு எச்சரிக்கையோடு முடித்துவிடும் போக்கு நிர்வாகங்களில் வேரூன்றியிருக்கிறது. இவ்விளக்கம் அறிவியல் சான்றுகளோடு பொருந்துவதில்லை. ராபர்ட் பைக் 1976இல் தொகுத்து ஆராய்ந்த 3,921 ஆய்வகத் தொற்றுகளில், இன்ன விபத்தால் வந்தது என்று சுட்டிக்காட்ட முடிந்தவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

மீதமுள்ளவற்றில் பெரும்பங்கு காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியே வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. மையவிலக்குக் கருவியில் குழாய் உடைவதும், கருவி நின்றவுடன் அதன் மூடியைத் திறப்பதும், மாதிரியை வேகமாகக் குலுக்குவதும், நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடிய, 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களை எழுப்புகின்றன. ஆய்வகத்தில் பெறப்படும் பாக்டீரியத் தொற்றுகளுள் அதிகம் பதிவாகும் புரூசெல்லா நோய் இதற்குத் தெளிவான சான்று: மருத்துவர் தம் ஐயத்தைப் பரிசோதனைச் சீட்டில் எழுதாமல் விடும்போது, காற்றை வடிகட்டும் உயிர்ப்பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் கையாளப்பட வேண்டிய வளர்ப்புத் தட்டு திறந்த மேசையில் திறக்கப்படுகிறது. அங்கே நுட்புநரின் கவனத்தில் குறை ஏதுமில்லை. குறை, அவரை வந்தடையாத தகவலில் இருக்கிறது.

ஊசியிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடுவது, சிரிஞ்சிலிருந்து குழாய்க்கு இரத்தத்தை மாற்றுவது, நிரம்பி வழியும் கழிவுப் பெட்டிக்குள் ஊசியைத் திணிப்பது ஆகிய செயல்கள் பணி அமைப்பாலும் கருவிப் பற்றாக்குறையாலும் திணிக்கப்படுபவை. ஒரு குத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு; நோயெதிர்ப்பு இல்லாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ 6 முதல் 30 விழுக்காடு வரை. உலர்ந்த இரத்தத்திலும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிர்த்திருப்பதால், காயம்பட்ட நினைவே இல்லாதவரும் தொற்றுக்கு ஆளாகலாம்.

அமெரிக்காவில் 1983இல் 10,000க்கும் மேலிருந்த மருத்துவப் பணியாளரின் ஹெபடைட்டிஸ் பி தொற்று, 2001இல் 400க்கும் கீழே இறங்கியதற்குத் தடுப்பூசியும் 1991இன் பணியிட விதிகளும் முதன்மைக் காரணங்கள்; அறிவுரை மட்டும் இதைச் சாதித்திருக்காது. பாதுகாப்பான கருவிகளைத் தேர்ந்தெடுக்கையில் அவற்றைக் கையாளும் பணியாளரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு விதித்தது, குறிப்பிடத்தக்க முன்னேற்றம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனையையும் கட்டாயமாக்குகின்றன. இவ்வுரிமைகள் சிறு தனியார் ஆய்வகங்களின் ஒப்பந்தப் பணியாளருக்கும் உரியவை.

பழிசுமத்தும் வழக்கம் நேரடியாகவே உயிருக்கு ஊறு செய்கிறது. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை இயன்றவரை சில மணி நேரத்துக்குள், பிந்தினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். தண்டனைக்கு அஞ்சிக் காயத்தை மறைப்பவர் இழப்பது அந்த நேரத்தையே. எனவே காயத்தைத் தெரிவிப்பவர் மீது நடவடிக்கை இராது என்பதை நிர்வாகம் எழுத்தில் உறுதியளிப்பதும், இரவுப் பணியிலும் முதல் வேளை மருந்து ஆய்வக வளாகத்திலேயே கிடைக்கச் செய்வதும் கையுறைக்கு நிகரான பாதுகாப்புச் சாதனங்களாகக் கொள்ளப்பட வேண்டும்.