துடுப்புப் போட ஓர் ஆறு!

தரமணியில் பறக்கும் ரயில் ஏறி, பீச் போகிற திசையில் இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கோட்டூர்புரம் தாண்டியதும் ஓர் ஆறு வரும். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் ஒரு நிமிஷம் பாருங்கள். அடையாறு! 'இந்தத் தண்ணியிலா படகுப் போட்டி நடந்தது?' என்பீர்கள். நடந்தது. துடுப்புப் பயிற்சி இன்றைக்கும் நடக்கிறது!

கதை தொடங்குவது இங்கிலாந்தில். பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர். சார்லஸ் மெரிவேல் படிக்கப் போனது கேம்பிரிட்ஜுக்கு. சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த் (கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன்) போனது ஆக்ஸ்ஃபோர்டுக்கு. எந்த யுனிவர்சிட்டி உசத்தி? படகு விட்டே பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. 1829-ல் தேம்ஸ் நதியில் முதல் போட்டி. ஜெயித்தது ஆக்ஸ்ஃபோர்டு. அந்த மாணவர் சண்டை இன்னும் ஓயவில்லை!

வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் துடுப்பும் கூடவே போயிற்று. 1864-ல் கொழும்பில் ஒரு படகு கிளப். 1867-ல் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப். 1898-ல் இரண்டு ஊர்களும் முதன்முதலாக மோதிக்கொண்டன. துரைமார்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஆனால், அதற்கு இருபது வருடம் முன்பு இதே ஆற்றங்கரையில் வேறொரு காட்சி. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மாகாணம் முழுக்க மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பஞ்ச நிவாரணம் என்று சொல்லி, பசித்த மக்களைக் கொண்டு வெட்டியதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய். வெட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நீங்கள் போகும் ரயில் பாதையின் தூண்கள் பல, அந்தக் கால்வாய்க்குள்ளேயேதான் நிற்கின்றன.

உயிரைக் கொடுத்து வெட்டிய கால்வாயையும், துரைமார்கள் படகு விட்ட ஆற்றையும் நாம் ஒரே மாதிரிதான் நடத்தினோம். இரண்டிலும் சாக்கடையை விட்டோம்!

'லண்டன் மட்டும் ஒழுங்கா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1957-ல் தேம்ஸ் 'செத்துப்போன நதி' என்று அறிவிக்கப்பட்டது. பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து, பல வருஷம் மெனக்கெட்டு, மீன்கள் திரும்பி வருகிற அளவுக்கு உயிர் கொடுத்தார்கள். கொஞ்சம் அசந்தார்கள். 2024 போட்டிக்கு முன் தண்ணீரைச் சோதித்தால், மலக்கிருமி! வழக்கமாக ஜெயித்த அணி, தன் படகை வழிநடத்தியவரைக் குதூகலமாக ஆற்றில் தூக்கிப் போடும். அந்த வருஷம், 'ஆற்றில் இறங்காதீர்கள்' என்று எச்சரித்தார்கள்.

செத்த நதி பிழைக்கும். பிழைத்த நதி மறுபடி நோயில் விழும். எல்லாம் கரையில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பாலத்தைக் கடக்கும்போது, கீழே துடுப்புப் போடும் இளைஞர்கள் கண்ணில் பட்டால் மனசுக்குள் ஒரு சபாஷ் போடுங்கள். நாம் கைவிட்ட ஆற்றை அவர்கள் இன்னும் விடவில்லை!