ரொட்டிக்கடையில் ஒரு சுதந்திரம்

நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் ஜோசப் லாக்னர் என்பவர் ரொட்டிக்கடை ஒன்றை நடத்திவந்தார். தம் பணியாளரை வாரத்திற்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கவிட்டார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அதே குற்றத்துக்காக இரண்டாம் முறையும் பிடிபட்டபோது 50 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அந்தத் தண்டத்தை எதிர்த்து எழுந்த வழக்கு படிப்படியாக ஏறி, 1905 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. ஐந்து நீதிபதிகள் லாக்னரின் பக்கம், நால்வர் எதிர்ப்பக்கம். எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதை முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம், அது அவ்விருவரின் 'ஒப்பந்தச் சுதந்திரம்', அதில் மாநிலம் குறுக்கிடலாகாது என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர்.

அக்காலத்து நியூயார்க்கின் ரொட்டிக்கூடங்கள் எப்படி இருந்தன? பல, குடியிருப்புக் கட்டடங்களின் நிலவறைகளில் இருந்தன. தாழ்ந்த கூரை, அடுப்பின் அனல், மூச்சில் ஏறும் மாவுத்தூசி. அங்கே இரவெல்லாம் நின்று மாவு பிசைந்தவர்கள் பெரும்பாலும் வந்தேறிய ஏழைகள். இவர்களுக்காகவே 1895இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு அறுபது மணி என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பைத்தான் நீதிமன்றம் 'சுதந்திரம்' என்ற சொல்லால் உடைத்தது.

இதில் நெஞ்சை உறுத்தும் ஒன்று உண்டு. நீதிபதிகள் துணைக்கழைத்தது அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தை. உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளுக்குக் குடியுரிமையும் சட்டப் பாதுகாப்பும் உறுதி செய்ய 1868இல் நிறைவேறியது அது. அடிமையின் விலங்கை ஒடிக்க வடித்த சொல், நாற்பது ஆண்டுகள் நிறைவதற்குள் ரொட்டிக்கடை முதலாளியின் கையில் கருவியாயிற்று.

அமெரிக்க வரலாற்றைப் படிக்கும் மாணவருக்குத் தொழிற்புரட்சிக் காலம் முதல் பெருமந்தம் வரையிலான கலைச்சொற்களை ஒரு பட்டியலாகத் தருவது வழக்கம். டிரஸ்ட் என்றால் இது, தடையாணை என்றால் இது, நியூ டீல் என்றால் இது என மனப்பாடம் செய்து அவரும் தேர்ந்துவிடுவார். ஆனால் அப்பட்டியலில் உள்ள சொற்களில் பல, பொருளுக்கு ஒட்டிய வெறும் பெயர்ச்சீட்டுகள் அல்ல. அவை ஒரு வழக்கின் இரு தரப்பாரும் பிடித்து இழுத்த கயிறுகள். எவர் இட்ட பெயர் நிலைத்ததோ அவர் பாதி வழக்கை வென்றவர் ஆனார்.

'டிரஸ்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் இச்சொல்லைக் கேட்டதும் அறக்கட்டளை நினைவுக்கு வரும். பள்ளியோ மருத்துவமனையோ கண்முன் நிற்கும். மூலத்தில் அதன் பொருள் நம்பி ஒப்படைத்தல் என்பதே. 1882இல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் குழுமத்தைச் சேர்ந்த ஏறத்தாழ நாற்பது நிறுவனங்களின் பங்குகள் ஒன்பது பொறுப்பாளர்களிடம் இவ்வாறு 'நம்பி ஒப்படைக்கப்பட்டன'. நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே பிடிக்குள் வந்தது. விதவைக்கும் அநாதைக்கும் சொத்துக் காக்க ஏற்பட்ட சட்டவடிவம் ஏகபோகத்தின் போர்வையானது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க மக்கள் அச்சொல்லை வசைச்சொல்லாகவே வழங்கத் தலைப்பட்டனர்.

மக்களின் கோபத்துக்கு அஞ்சிய காங்கிரஸ் 1890இல் ஷெர்மன் சட்டத்தை இயற்றியது. வாணிகத்தைத் தடைசெய்யும் கூட்டுகள் குற்றம் என்றது அது. சட்டம் முதலில் கடித்தது யாரை? சர்க்கரைச் சுத்திகரிப்பை ஏறத்தாழ முழுவதும் வளைத்துக்கொண்ட டிரஸ்ட், உற்பத்தி வேறு, வாணிகம் வேறு என்ற நுண்ணிய வேறுபாட்டின் வழியே 1895இல் தப்பிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டில் சிகாகோவுக்கு அருகே புல்மன் நிறுவனத்தின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனம் கூலியைக் குறைத்ததேயன்றி, தன் வீடுகளில் குடியிருந்த அதே தொழிலாளரிடம் வாங்கிய வாடகையைக் குறைக்கவில்லை. அவர்களுக்கு ஆதரவாக ரயில்வே தொழிற்சங்கம் எழுந்தபோது, கூட்டாட்சி நீதிமன்றம் ஷெர்மன் சட்டத்தைக் காட்டித் தடையாணை பிறப்பித்தது. சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் ஆறு மாதம் சிறையிருந்தார். 'கூட்டு' என்ற சொல்லின் எல்லைக்குள் முதலாளிகளின் டிரஸ்ட்டுக்கு முன்பாகத் தொழிலாளரின் சங்கம் அடைக்கப்பட்டது.

உழைப்போர் பக்கமிருந்தும் சொற்கள் பிறக்காமல் இல்லை. வேலைநிறுத்தத்தை உடைப்பவனை நாம் 'கருங்காலி' என்கிறோம் அல்லவா? அதே சூட்டோடு அவர்கள் படைத்த சொற்களில் ஒன்று 'மஞ்சள் நாய் ஒப்பந்தம்'. எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன் என்று கையெழுத்திட்டால்தான் வேலை என்னும் உடன்படிக்கைக்கு இட்ட பெயர் அது. அதில் கையெழுத்திடுபவன் மனிதன் என்ற நிலையிலிருந்து தாழ்த்தப்படுகிறான் என்பது கருத்து. அத்தகைய ஒப்பந்தங்களைத் தடைசெய்த கான்சஸ் மாநிலச் சட்டத்தை 1915இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. காரணம், மீண்டும் ஒப்பந்தச் சுதந்திரம்! சொத்துரிமையும் ஒப்பந்த உரிமையும் உள்ள இடத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும், அதை முறையானதாக ஏற்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு அமைதியாக விளக்கிற்று.

இந்த 'சுதந்திர'த்துக்கு எதிராக வேறொரு சொல் தேவைப்பட்டது. அதைச் செதுக்கியவர்களுள் ஒருவர் ஒரு குரு என்பது நம் வாசகர் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம். அதற்கு முன்னுரைபோல் ஒரு நிகழ்ச்சி. 'நைட்ஸ் ஆஃப் லேபர்' என்ற தொழிலாளர் இயக்கத்தைக் கனடாவில் கியூபெக் பேராயர் உரோமையிடம் முறையிட்டு 1884இல் கண்டனத்துக்கு உள்ளாக்கியிருந்தார். அமெரிக்காவிலும் அக்கண்டனம் பரவாதபடி, 1887இல் பால்டிமோர் பேராயர் கர்தினால் கிப்பன்ஸ் உரோமைக்கு ஒரு விண்ணப்பம் அளித்து இயக்கத்துக்காக வாதாடினார். நான்கு ஆண்டுகள் கழித்துத் திருத்தந்தை 13ஆம் லியோவின் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் வெளிவந்தது. உழைப்பாளியும் முதலாளியும் மனமொத்துச் செய்யும் உடன்படிக்கைக்கும் மேலான, அதற்கும் முந்திய நீதி ஒன்று உண்டு. சிக்கனமாக வாழும் உழைப்பாளியைத் தாங்கக் கூலி போதாமற் போகலாகாது என்று அம்மடல் உரைத்தது. 2025இல் பொறுப்பேற்ற அமெரிக்கத் திருத்தந்தை தமக்கு லியோ என்ற பெயரைத் தேர்ந்தபோது இம்மடலையே காரணமாகச் சுட்டியது நினைவிருக்கும்.

மினசோட்டாவின் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்த அருட்தந்தை ஜான் ரயன் அம்மடலின் அந்த ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டார். 1906இல், லாக்னர் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, 'வாழ்வூதியம்' என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வெளிவந்தது. நகரக் குடும்பம் ஒன்று மாண்போடு வாழ ஆண்டுக்குக் குறைந்தது 600 டாலர் வேண்டும் என்று வாடகை, உணவு, உடை எனக் கணக்கிட்டுக் காட்டினார். ஈகை, இரக்கம் என்ற சொற்களை அவர் தேடவில்லை. உரிமை என்றே எழுதினார். கூலியைப் பற்றிய பேச்சில் அரிசி விலையும் வீட்டு வாடகையும் நுழைந்துவிட்டால், 'இருவரும் மனமொத்துச் செய்தது' என்ற வாதம் தடுமாறத் தொடங்கும். பசித்தவனுக்கு மனமொப்புதல் ஏது? குடும்பத் தலைவனின் கூலியையே ரயன் முதன்மையாக எண்ணினார், பெண்ணின் உழைப்பை அதே தட்டில் வைக்கவில்லை என்ற குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விந்தை என்னவெனில், குறைந்தபட்சக் கூலிச் சட்டங்கள் முதலில் எழுந்தது பெண் தொழிலாளருக்காகத்தான். 1913இல் ஒரிகான் மாநிலம் அமைத்த கூலி ஆணையத்தின் தலைவர் எட்வின் ஓஹாரா ரயனின் கருத்தை ஏற்றவர். அவரும் ஒரு குருவே. அவர்மீது தொடுத்த வழக்கில் 1917இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு எனப் பிரிந்து நின்றதால் அச்சட்டம் பிழைத்தது. ஆனால் 1923இல், தலைநகர் வாஷிங்டனில் இருந்த இத்தகைய சட்டம் ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால் மடிந்தது.

1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. 1933இல் உழைப்பாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றார். இதை நாம் 'பெருமந்தம்' என்று மொழிபெயர்த்திருக்கிறோம். குழந்தைக்கு வயிறு மந்தம் என்பது போன்ற மென்மை அச்சொல்லில் ஏறிவிட்டது. ஆங்கிலத்திலும் கதை அதுவே. 1873, 1893, 1907 ஆகிய ஆண்டுகளின் நெருக்கடிகளை அமெரிக்கர் 'பீதி' என்றே அழைத்தனர். இம்முறை 'தாழ்வு' என்னும் அளவிலான சொல் ஆட்சியாளர் வாயிலும் ஏடுகளிலும் நிலைத்தது. ஆனால் தெருவில் நின்றவர்கள் தங்கள் சொற்களைத் தாங்களே படைத்துக்கொண்டார்கள். தகரத்தாலும் பலகையாலும் வேய்ந்த குடிசைப் பகுதிகள் 'ஹூவர்வில்', அதாவது ஹூவர்பட்டி. போர்த்திக்கொள்ளும் பழைய செய்தித்தாள் 'ஹூவர் கம்பளி'. வெறுமையாக வெளியே இழுத்துவிட்ட சட்டைப்பை 'ஹூவர் கொடி'. முதல் உலகப் போரில் பெல்ஜிய மக்களின் பசி தீர்த்துப் புகழ்பெற்ற மனிதர் குடியரசுத் தலைவர் ஹூவர். தன்னந்தனியாய் நின்று உயரும் தனிமனிதனே அமெரிக்காவின் வலிமை என்று 1928இல் பேசியவரும் அவரே. அந்தக் கொள்கைக்கு அவர் உண்மையாகவே இருந்தார் என்பதுதான் துயரம்.

அவருக்கு எதிராக 1932இல் நின்ற ரூஸ்வெல்ட் 'மறக்கப்பட்ட மனிதன்' என்ற தொடரை வானொலியில் எடுத்தாண்டார். பொருளாதாரப் பிரமிடின் அடியில் நசுங்கிக் கிடப்பவன் அவன். ஆனால் இத்தொடர் 1883இலேயே யேல் பேராசிரியர் வில்லியம் கிரகாம் சம்னரால் நேரெதிர்ப் பொருளில் வழங்கப்பட்டது. ஏழைக்கு உதவ இருவர் கூடித் திட்டமிட, அச்செலவைத் தலையில் சுமக்கும் மூன்றாமவனே சம்னர் கண்ட மறக்கப்பட்ட மனிதன். ஒரே பெயர், ஐம்பதாண்டுக்குள் அதில் குடியிருப்பவர் மாறிவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் ரூஸ்வெல்ட் அறிவித்த 'நியூ டீல்' சீட்டாட்ட மேசையிலிருந்து வந்த சொல். கலைத்துப்போட்டு மறுபடி பங்கிடுவது என்பது அதன் சுவை. தமிழில் அதைப் 'புதிய ஒப்பந்தம்' என்று சிலர் எழுதுகையில், அந்த ஆட்சி எந்தச் சொல்லோடு மல்லாடியதோ அதையே அதன் தலையில் சூட்டிவிடுகிறார்கள்!

அந்த மல்லாட்டம் முடிந்தது ஒரு விடுதிப் பணிப்பெண்ணின் வழக்கில். வாஷிங்டன் மாநிலத்தின் வெனாட்சி ஊரில் அறைகளைத் துப்புரவு செய்துவந்தவர் எல்சி பாரிஷ். பெண்களுக்கு வாரம் 48 மணி நேர உழைப்புக்கு 14.50 டாலர் என்று மாநிலம் வகுத்த கூலிக்கும் தாம் பெற்றதற்கும் இருந்த வேறுபாட்டை, 216 டாலர் சொச்சத்தை, அவர் கேட்டார். 1937 மார்ச் 29 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு வெற்றி. அரசியலமைப்பு சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறது, ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை என்று தலைமை நீதிபதி ஹியூஸ் எடுத்துக்காட்டினார். அத்தனை ஆண்டுக்காலம் அரசியலமைப்பின் பெயரால் உச்சரிக்கப்பட்ட தொடர், அதன் ஏட்டில் எங்கும் இல்லை.

மறு ஆண்டு நாடு முழுமைக்குமான கூலிச் சட்டம் வந்தது: மணிக்கு 25 சென்ட், வாரத்துக்கு 44 மணி. வயலில் உழைப்போரும் வீட்டுவேலை செய்வோரும் அதற்குள் அடங்கவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களில் மிகப் பலருக்கு இவ்விரண்டுமே பிழைப்பு. வீட்டுப் பணியாளர் அதனுள் வந்தது 1974இல். எல்சி பாரிஷ் செய்துவந்த விடுதி வேலையும் தொடக்கத்தில் விலக்கப்பட்டே இருந்தது. அதைச் சேர்க்க 1966ஆம் ஆண்டின் திருத்தம் வேண்டியிருந்தது.