ஊராட்சி நினைத்தால் கார்பன் உமிழ்வைக் குறைக்க முடியுமா? ஓடந்துறை காற்றாலை முதல் மீனங்காடி மரக்கடன் வரை... முழு விவரம்!

தெருவிளக்கு, குடிநீர் மோட்டார். ஒரு கிராம ஊராட்சியின் கரண்ட் பில்லில் பெரும்பகுதி இந்த ரெண்டுக்குத்தான் போகிறது. வீட்டு வரி, தண்ணீர் வரி எல்லாம் சேர்த்தாலும் சில ஊர்களில் பில் கட்டக்கூட தேறாது. அந்த பில்லில்தான் ஊரின் கார்பன் கணக்கும் இருக்கிறது.

எப்படி? நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் யூனிட் செலவழிக்கும் ஊராட்சி என்றால் கிட்டத்தட்ட 70 டன். புகைபோக்கி மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ இருக்கும், ஆனால் சுவிட்ச் போடுவது நம்ம ஊரில்.

பருவநிலை மாற்றம் என்றால் டெல்லியும் கோட்டையும் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 29 துறைகள் குறிப்பிடப்பட்டுள்ளன. அதில் மரபுசாரா எரிசக்தி, சமூகக் காடு வளர்ப்பு, எரிபொருள் எல்லாம் உண்டு. 1992-ல் 73-வது திருத்தம் வந்ததில் இருந்தே இது இருக்கிறது. பயன்படுத்திய ஊர்கள்தான் கம்மி.

ஓடந்துறை என்ன செய்தது?

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை இங்கே தலைவராக இருந்தவர் ஆர்.சண்முகம். பவானி ஆற்றுத் தண்ணீரை ஏற்றி, சுத்திகரித்து வீடுகளுக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. ஊருக்குத் தண்ணீர் கிடைத்தது, கூடவே மோட்டார் ஓட்டும் செலவும் எகிறியது. கார்பன் பற்றி அப்போது அங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை. பில்லை எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் தெருவிளக்குகளில் சிலவற்றை சோலாருக்கு மாற்றினார்கள். அடுத்து 2003 வாக்கில், மரத்துண்டுகளை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் கருவியை வைத்து குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். பக்கத்து மர மில்களில் மிஞ்சும் கழிவுதான் எரிபொருள்.

2006-ல் வந்தது பெரிய முடிவு. 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஒரு கிராம ஊராட்சி கோடிக்கணக்கில் கடன் வாங்குகிறது என்றால் எத்தனை கையெழுத்து, எத்தனை அலைச்சல் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பகுதியில்தான் பலமாக அடிக்கும். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் நேராக மின்வாரியத்தின் கிரிட்டுக்குப் போகிறது. அதற்கான பணம் ஊராட்சிக்கு வருகிறது. அதாவது ஊர் விளக்கு அந்தக் காற்றாலையில் நேரடியாக எரிவதில்லை. ஆனால் ஊர் செலவழிப்பதைவிட அதிக மின்சாரத்தை ஊரின் காற்றாலை கிரிட்டில் சேர்க்கிறது.

ஆண்டுக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட் என்பதுதான் அப்போது பரவலாகப் பேசப்பட்ட கணக்கு. மின்வாரியத்துக்கு விற்ற வகையில் ஆண்டுக்கு சுமார் 19 லட்சம் ரூபாய் வருமானம். 0.7 கிலோ கணக்கில் பார்த்தால், 470 டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம்.

அப்போ எல்லா ஊராட்சியும் காற்றாலை வாங்கலாமா? முடியாது. 40 லட்சம் சேமிப்பு எல்லா ஊரிலும் இருக்காது. காற்று வீசும் இடமும் வேண்டும், காற்று இல்லாத மாதங்களில் வருமானம் குறைவதையும் தாங்க வேண்டும். ஓடந்துறையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது காற்றாலையை அல்ல, பில்லை முதலில் எடுத்துப் பார்த்ததை.

காற்றாலை இல்லாமல் எவ்வளவு குறையும்?

ஒரு சின்ன கணக்கு. ஊரில் 200 பழைய டியூப்லைட் தெருவிளக்குகள் என்று வைத்துக்கொள்வோம். சோக்கோடு சேர்த்து ஒன்று சுமார் 52 வாட் இழுக்கும். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் ஒரு விளக்குக்கு 32 வாட் மிச்சம். தினமும் 12 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு சுமார் 28 ஆயிரம் யூனிட். கார்பன் கணக்கில் கிட்டத்தட்ட 20 டன். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 2 லட்சத்து 24 ஆயிரம் ரூபாய் கையில் நிற்கும்.

வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ அளவுக்கு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியென்றால் அந்த 200 விளக்கை மாற்றியது, ஆயிரம் மரம் செய்யும் வேலைக்குச் சமம். மரம் நட வேண்டாம் என்று அர்த்தமில்லை. போட்டோ எடுக்க நட்டுவிட்டு, அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய விடும் மரக்கன்றுகளைவிட இந்த விளக்குகள் உறுதியான கணக்கு. பல ஊர்களில் எல்.இ.டி. ஏற்கெனவே வந்துவிட்டது. அங்கே பார்க்க வேண்டியது, காலை 9 மணிக்கும் எரிந்துகொண்டிருக்கும் விளக்குகளை.

மோட்டார் விஷயமும் இதேதான். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடுவதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. டேங்க் ஆபரேட்டர் ஒருவரே மூணு நாலு தொட்டியைப் பார்க்கிறார், ஓடி ஓடி சுவிட்ச் போடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 10 ஹெச்.பி. மோட்டார் தினமும் ஒரு மணி நேரம் தேவையில்லாமல் ஓடினால் ஆண்டுக்கு 2,700 யூனிட்டுக்கு மேல் வீண். தொட்டி நிரம்பியதும் தானாக மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் பெரிய செலவுள்ள பொருள் இல்லை. குழாய் கசிவை அடைப்பதும் கரண்ட் மிச்சம்தான், ஏனென்றால் கசியும் ஒவ்வொரு குடமும் மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றிய தண்ணீர்.

குப்பையில் இருந்தும் கார்பனா?

ஆமாம். மட்கும் குப்பையைக் காற்றுப்படாமல் குவித்து வைத்தால் உள்ளே மீத்தேன் வாயு உருவாகும். நூறாண்டுக் கணக்கில் இது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடித்த தீயை அணைக்க நாட்கணக்கில் ஆனது. சுற்றுவட்டார மக்கள் புகையில் தவித்தார்கள். கிடங்கில் தீ பரவ மீத்தேனும் ஒரு முக்கியக் காரணம்.

குப்பை முழுக்க முழுக்க உள்ளாட்சியின் வேலை என்பதால், இங்கே சாக்கு சொல்ல இடமில்லை. வீட்டிலேயே பிரித்து வாங்கி, மட்கும் குப்பையை உரமாக்கினால் மீத்தேன் பெருமளவு குறையும். கிராமங்களில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள், மண்புழு உரக் கொட்டகைகளும் பல இடங்களில் கட்டப்பட்டன. எத்தனை கொட்டகையில் உரம் இருக்கிறது, எத்தனையில் விறகு இருக்கிறது என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஊர் எல்லையில் குப்பையைக் கொட்டி எரிப்பது விதிப்படி தடை. ஆனாலும் நடக்கிறது.

மீனங்காடி மரக்கடன் என்றால் என்ன?

கேரளாவின் வயநாடு மாவட்டத்தில் உள்ள மீனங்காடி ஊராட்சி, கார்பன் சமநிலையை எட்டும் திட்டத்தை 2016 ஜூன் 5-ம் தேதி தொடங்கியது. வெளியிடும் கார்பனும், மரமும் மண்ணும் உறிஞ்சும் கார்பனும் சமமாக வேண்டும் என்பதே இலக்கு. அவர்கள் முதலில் செய்தது கணக்கெடுப்பு. வாகனம், மின்சாரம், சமையல், விவசாயம், கால்நடை என்று எதில் எவ்வளவு வெளியாகிறது எனப் பார்த்தார்கள்.

அடுத்து வந்தது மரக்கடன். விவசாயி தன் நிலத்தில் மரம் வளர்த்தால், ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்தாண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். நிற்க விட்டால் கட்ட வேண்டாம். மாநில அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்க, உள்ளூர் கூட்டுறவு வங்கி வழியாக இது நடக்கிறது. அவசரத்துக்கு மரத்தை விற்கும் நிலையில் இருக்கும் விவசாயிக்கு, அதே மரத்தை வைத்தே கொஞ்சம் பணம் கிடைக்கிறது. ஆனால் தொடங்கியது 2016-ல், பணம் விவசாயிகள் கைக்கு வரத் தொடங்கியது 2021-ல். இந்த மாதிரி வேலைகள் ஒரு பதவிக்காலத்தில் முடிந்துவிடாது.

ஜம்முவின் சம்பா மாவட்டத்தில் பல்லி என்றொரு ஊராட்சி. பெயர் நமக்குத்தான் வேடிக்கை. அங்கே 500 கிலோவாட் சோலார் நிலையம் சில வாரங்களிலேயே அமைக்கப்பட்டு, 2022 ஏப்ரல் 24-ல் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். 340 வீடுகளுக்கு மின்சாரம். நாட்டின் முதல் கார்பன் சமநிலை ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. முழுக்க மத்திய அரசு உதவியில், பிரதமர் வருகையையொட்டி நடந்த வேலை. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

உள்ளாட்சியின் கையில் இல்லாதது எது?

நிறைய இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2023-ல் வெளியிட்ட காலநிலை செயல் திட்டத்தையே பாருங்கள். நகரின் உமிழ்வில் 71 சதவீதம் கட்டடங்களும் தொழிலகங்களும் பயன்படுத்தும் மின்சாரம், எரிபொருளால் வருகிறது. போக்குவரத்து 16 சதவீதம், குப்பையும் கழிவுநீரும் 13 சதவீதம். 2050-க்குள் கார்பன் சமநிலை என்பது இலக்கு. ஆனால் மின்வாரியமும் மாநகரப் பேருந்தும் மாநகராட்சியின் கீழ் இல்லை. நேரடிப் பிடி இருப்பது குப்பை, தெருவிளக்கு, சொந்தக் கட்டடங்கள், கட்டட அனுமதி மீதுதான்.

வீட்டு மொட்டைமாடி சோலாருக்கு பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம் உண்டு. உள்ளாட்சி எல்லைக்குள் அமைக்கப்படும் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் அந்த உள்ளாட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் திட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாகச் செலவழிக்கும் வீடுகளுக்கு சோலார் மேல் பெரிய ஆர்வம் வராது. ஏ.சி. ஓடும் வீடுகள், கல்யாண மண்டபங்கள், அரிசி ஆலைகள் பக்கம் ஊராட்சி முதலில் போனால் பலன் அதிகம்.

நீங்கள் எங்கே கேட்கலாம்?

கிராம சபையில். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். கடந்த ஆண்டு தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் பில் என்று தனித்தனியாகக் கேட்கலாம். எந்த இணைப்பில் பில் அதிகம், ஏன் என்று கேட்டு, சரிசெய்யும் வேலையை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி தீர்மானம் கொண்டுவரலாம். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத ஊரில் இந்தக் கேள்வி அவரிடம்தான் போக வேண்டும்.