வாக்குரிமையும் காணியுரிமையும்: இலங்கைப் பெண்ணுரிமை இயக்கத்தின் தொடக்ககாலம் பற்றிய ஒரு நோக்கு

பெண்ணுரிமைப் போராட்ட வரலாற்றை 1848இல் அமெரிக்காவின் செனெக்கா போல்ஸ் நகரில் நடைபெற்ற மாநாட்டிலிருந்து தொடங்குதல் வழக்கம். அந்நாட்டுப் பெண்கள் 1920இல் வாக்குரிமை பெற்றனர். எனினும், தென்மாநிலங்களின் கறுப்பினப் பெண்களிற் பெரும்பாலோர் 1965 வரை அதனைப் பயன்படுத்த இயலவில்லை. சட்டம் வழங்கும் உரிமை, சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இது சான்றாகும். இலங்கையின் அனுபவத்தையும் இப்பின்னணியிலேயே நாம் நோக்குதல் வேண்டும்.

1927ஆம் ஆண்டு டிசெம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பிலே தோன்றியது. ஆக்னஸ் டி சில்வா, வைத்தியர் மேரி இரத்தினம், நேசம் சரவணமுத்து முதலானோர் அதன் முன்னணியில் நின்றனர். இவர்கள் உயர், மத்தியதர வர்க்கத்தினர். அக்காலத்திற் சொத்து, வருமானம், கல்வி ஆகிய தகைமைகளுடைய ஆண்களே, அதாவது மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே, வாக்காளராக இருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற தலைவர்கள் வாக்குரிமையை விரிவாக்குவதை எதிர்த்தனர். டொனமூர் ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. ஆயினும் 1931இல் 21 வயது நிரம்பிய இருபாலார்க்கும் அது கிடைத்தது.

தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்களே என ஆக்னஸ் டி சில்வா விடையிறுத்தமை மனங்கொளத்தக்கது. ஆயினும் இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமையை வதிவிட நிபந்தனைகள் கட்டுப்படுத்தின. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவர்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. மலையகத்திற் பாட்டாலும் எழுத்தாலும் தொழிலாளரை விழிப்பூட்டிய மீனாட்சியம்மை நடேசய்யரின் பணியை இதனோடு சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

இனி மட்டக்களப்பை நோக்குவோம். வாவிக்கு மேற்கே, வவுணதீவை உள்ளடக்கிய படுவான்கரையிலும் தாய்வழிக் குடிமுறை வேரூன்றியிருந்தது. முக்குவர் வழமையில் ஆணொருவனின் முதுசொம் அவனுடைய சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவ்வழமை வலுவிழந்தபோதும், வீட்டையும் வயலையும் மகளுக்குச் சீதனமாக எழுதும் வழக்கு நிலைத்தது. இதனைப் பெண்ணாட்சி என மயங்குதல் தவறு. காணி பெண்ணின் பெயரிலிருப்பினும் அதன் நிருவாகம் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தது. எனினும் உடைமை அவளுக்கு ஒரு பிடிமானமாயிருந்தது.

பெண்களும் வாக்களித்துத் தெரிவுசெய்த அரசாங்க சபையின் காலத்திலேயே, 1935இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது என்பதே இங்குள்ள முரண்பாடு. அரச காணியைப் பெற்றவர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காது இறந்தால், பிள்ளைகளில் ஆண்மக்களுக்கே அது முன்னுரிமை அளித்தது. சீதன வயல் மகளைச் சேர, அதே கிராமத்தின் அரச காணி மகனைச் சேரும் நிலை உருவாயிற்று. இப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இலேயே வந்தது.

1931க்கும் 2022க்கும் இடையிலான 91 ஆண்டுகள், அரசியல் உரிமை தானாகவே பொருளாதார உரிமையாகிவிடாது என்பதைப் புலப்படுத்துகின்றன. பெண்ணுரிமை வரலாற்றை எழுதுவோர், சட்டசபைப் பதிவேடுகளோடு காணி உறுதிகளையும் உத்தரவுப்பத்திரங்களையும் ஆராய்தல் அவசியமாகும். உழைக்கும் பெண்களின் வரலாறு அவற்றிலேயே பெரிதும் பொதிந்துள்ளது.