கிரான் சோம் மலையும் மௌன மடமும்



பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் வயதுக்காரர்களிடம் 'ஷார்த்ரூஸ்' என்று சொன்னால், பலருக்கும் பச்சை நிற மது ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வரும். சிலருக்கு அந்தப் பச்சை நிறமே நினைவுக்கு வரும். நிறத்துக்குப் பெயர் கொடுத்தது மது. மதுவுக்குப் பெயர் கொடுத்தது ஒரு மடம். மடத்துக்குப் பெயர் கொடுத்தது அது இருக்கும் மலை. பிரான்சின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஓரத்தில், கிரெனோபிள் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது ஷார்த்ரூஸ் மலைப்பகுதி. அதன் நடுவில்தான் கார்த்தூசியர் சபையின் தாய் மடமான கிராந்த் ஷார்த்ரூஸ். அந்த மடத்துக்கு நேர் மேலே நிற்கும் சிகரம் கிரான் சோம், உயரம் 2026 மீட்டர். 'கிராந்த்', 'கிரான்' இரண்டும் ஒரே சொல்தான், 'பெரிய' என்று பொருள். பெண்பாலில் கடைசி எழுத்து ஒலிக்கும், ஆண்பாலில் ஒலிக்காது. இதற்காக வகுப்பில் எத்தனை குட்டு வாங்கியிருப்போம்!

2010இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு கோடையில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அந்த மலையில் ஏறினேன். இது பயணக் கட்டுரை அல்ல. ஏறும் வழியிலேயே தொள்ளாயிரம் ஆண்டு வரலாறு படிப்படியாகக் கிடக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் மடத்தின் தொடக்கம். புரூனோ என்பவர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தவர். பிரான்சின் ரேன்ஸ் நகரப் பேராலயப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியர். பெயரும் பதவியும் இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1084இல் ஆறு தோழர்களோடு கிரெனோபிள் ஆயர் ஹ்யூக் என்பவரிடம் வந்து, தனித்திருந்து செபிக்க ஓர் இடம் கேட்டார். அதற்கு முன்பே ஏழு நட்சத்திரங்கள் அந்த மலைக்காட்டில் போய் விழுவதாக ஆயர் கனவு கண்டிருந்தார் என்பது மரபுக் கதை. கார்த்தூசியர் முத்திரையில் இன்றும் ஏழு நட்சத்திரங்கள் உண்டு.

கனவு ஒருபக்கம் இருக்கட்டும். என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்த எழுத்து வேலை. அந்தக் காடு பல பிரபுக்களுக்கும், லா ஷேஸ்-தியே என்னும் மடத்தின் தலைவருக்கும் உரிமையாக இருந்தது. அவர்கள் எல்லோரும் தங்கள் பாகத்தை விட்டுக்கொடுத்தார்கள். எல்லை எழுதிப் பத்திரம் ஆயிற்று. அந்த எல்லைக்குள் வேட்டையாடக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, ஆயுதத்தோடு கடக்கக் கூடாது, பெண்கள் நுழையக் கூடாது என்று ஆயர் தடை போட்டார். 'பாலைவனம்' என்றே அந்த எல்லைக்குப் பெயர் வைத்தார்கள். மரமும் நீரும் நிறைந்த இடத்துக்குப் பாலைவனம் என்று பெயர்! மனிதர் இல்லாத இடம் என்பது அதன் பொருள். அங்கே இருந்த தனிமை இயற்கை கொடுத்தது பாதிதான். மீதிப் பாதியைக் கையெழுத்துகள்தான் காப்பாற்றின.

ஆறே ஆண்டில் சோதனை வந்தது. புரூனோவின் பழைய மாணவர் ஒருவர் இரண்டாம் உர்பன் என்ற பெயரில் திருத்தந்தை ஆகியிருந்தார். 1090இல் ஆசிரியரை ரோமுக்கு வரச் சொல்லி ஆணை அனுப்பினார். கீழ்ப்படிவது துறவியின் கடமை, புரூனோ புறப்பட்டார். தலைவர் இல்லாமல் என்ன செய்வது என்று தோழர்கள் கலைந்துபோனார்கள். இனி இந்த வீடு நிற்காது என்று நினைத்த புரூனோ, நிலத்தை லா ஷேஸ்-தியே மடத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் கலைந்தவர்கள் லாந்துவன் என்பவரின் தலைமையில் மறுபடி மலைக்குத் திரும்பினார்கள். இப்போது நிலம் வேறொருவர் பெயரில்! அந்த மடத்தின் தலைவர் செகுவன் பெருந்தன்மையோடு உரிமையை விட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு கடிதம் தாமதமாகியிருந்தால் கார்த்தூசியர் சபையே இல்லாமல் போயிருக்கும். புரூனோ மட்டும் அந்த மலையை மறுபடி பார்க்கவில்லை. இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவில் இன்னொரு தவமடம் அமைத்து, 1101இல் அங்கேயே இறந்தார்.

இனி மலைக்கு வருவோம். சேன் லோரான் து போன் என்ற ஊரிலிருந்து கியே மோர் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகச் சாலை போகிறது. இருபுறமும் செங்குத்தான பாறை. சாலை முடிகிற இடம் லா கொரேரி. முன்பு மடத்தின் உடலுழைப்புச் சகோதரர்கள் வாழ்ந்த கட்டடம் அது. இப்போது அருங்காட்சியகம். வெளியார் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். மடத்துக்குள் பார்வையாளருக்கு அனுமதி இல்லை.

அண்ணனுக்கு அப்போது 69 வயது, முழங்கால் ஒத்துழைக்காது. "நீ ஏறிட்டு வா, நான் இங்கேயே மியூசியத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் மகன்தான் என்னோடு வந்தான். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். லா கொரேரியிலிருந்து உச்சிக்குக் கிட்டத்தட்ட 1200 மீட்டர் ஏற வேண்டும். நம் செஞ்சி ராஜகிரியை நான்கைந்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல நினைத்துக்கொள்ளுங்கள்.

மடத்தின் நீண்ட மதிலை ஒட்டி நடக்கும்போதே பலகை வைத்திருக்கிறார்கள்: இது மௌன வலயம். உள்ளே கறுத்த கூரைகள், கூரான கோபுரங்கள். மடம் எட்டுமுறை தீக்கு இரையானது. கடைசித் தீ 1676இல். அதன்பின் இன்னொசான் லெ மசோன் என்ற தலைவர் கல்லால் கட்டி எழுப்பியதுதான் இப்போது நிற்பது.

அந்த மதிலருகே எனக்கு 1903 நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பே பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792இல் துறவியரை வெளியேற்றினார்கள். 1816இல் அவர்கள் திரும்பியபோது காடுகளும் கட்டடமும் அரசுடையவை ஆகியிருந்தன. சொந்தக்காரர்களாக இருந்தவர்கள் குடியிருப்பவர்களாகத் திரும்பினார்கள். பிறகு 1901 ஜூலை 1ஆம் தேதி சங்கங்கள் பற்றிய சட்டம் வந்தது. துறவற சபைகள் அரசின் அனுமதி பெற்றே இயங்கலாம் என்றது. கார்த்தூசியர் மனுப் போட்டார்கள். எமில் கோம்ப் பிரதமராக இருந்த நேரம் அது. 1903 மார்ச்சில் நாடாளுமன்றம் மனுவைத் தள்ளியது. ஏப்ரல் 29ஆம் தேதி படைவீரர்கள் கதவை உடைத்து உள்ளே போய், கோவிலில் இருந்த துறவியரை வெளியே அழைத்துவந்தார்கள். அவர்கள் இத்தாலியில் லூக்கா நகருக்கு அருகிலுள்ள பார்னேத்தா மடத்துக்குப் போனார்கள். மது வடிப்பதை ஸ்பெயினின் தாரகோனாவுக்கு மாற்றினார்கள்.

நானும் 1973 முதல் 2010 வரை கோப்புகளோடு வாழ்ந்தவன். 'பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது' என்ற வரியை எத்தனையோ முறை தட்டச்சு செய்து டெஸ்பாட்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தக் காகிதம் போய்ச் சேரும் வீட்டில் என்ன நடக்கும் என்று மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. இங்கே அந்த வீட்டின் வாசலிலேயே நின்றேன்.

மதிலைத் தாண்டிக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் ஏறினால், இரண்டு சிறிய கோவில்கள். ஒன்று நோத்ர தாம் தெ காசாலிபுஸ், மற்றது பாறைமேல் நிற்கும் புனித புரூனோ கோவில். புரூனோவும் தோழர்களும் முதன்முதலில் குடிசை போட்ட இடம் இதுதான். 1132 ஜனவரியில் பனிச்சரிவு வந்து குடில்களை நசுக்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அப்போதைய தலைவர் கீகோ, மடத்தைச் சுமார் இரண்டு கிலோமீட்டர் கீழே, பனிச்சரிவு வராத இடத்துக்கு மாற்றினார். இந்தக் கீகோதான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சபையின் வாழ்க்கை முறைகளை எழுதி வைத்தவர். கட்டடம் அழிந்தது, எழுதிய முறை நின்றது.

அதற்கு மேலே பீச் மரமும் ஃபிர் மரமும் மெதுவாகக் குறைந்து, போவினான் கணவாயில் புல்வெளி விரிகிறது. அங்கே இடையர்களின் பழைய கல்வீடு ஒன்று உண்டு, அந்தப் பக்கத்தில் அதை 'அபேர்' என்பார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். "மெதுவா வாங்க சித்தப்பா, அவசரமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே தம்பி முன்னால் போனான். கடைசிப் பகுதி சுண்ணாம்புக் கற்பாறை. சில இடத்தில் கையையும் ஊன்ற வேண்டும். புறப்பட்டு ஐந்து மணி நேரத்தில் உச்சிக்கு வந்தோம்.

உச்சியில் பெரிய சிலுவை. கிழக்கே தூரத்தில் மோன் பிளானின் வெண்பனி. தெற்கே இந்த மலைப்பகுதியின் மிக உயர்ந்த ஷமெஷோத், 2082 மீட்டர். ஆனால் மேற்கு ஓரத்தில் நின்று கீழே பார்த்தால்தான் அந்த மலையின் சிறப்பு தெரியும். பாறை செங்குத்தாக இறங்குகிறது. கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மடம் முழுவதும் வரைபடம் போல விரிந்து கிடக்கிறது. வாசலில் அனுமதி இல்லாத இடத்தை மேலிருந்து எவரும் பார்க்கலாம்!

வரிசையாக இருக்கும் சிறு வீடுகளை எண்ணிப் பார்த்தேன். துறவி ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, அதற்கொரு தோட்டம். உணவு சுவரில் உள்ள சிறு திறப்பு வழியாக வரும். இறைச்சி எப்போதும் கிடையாது. வாரத்தில் ஒருநாள் ரொட்டியும் தண்ணீரும் மட்டும். நள்ளிரவில் எழுந்து கோவிலில் நீண்ட நேரம் செபிப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சில மணி நேரம் மலைக்காட்டில் நடப்பார்கள், அப்போது பேசலாம். இறந்தால் கல்லறையில் மரச்சிலுவை மட்டும், பெயர் கிடையாது. பிலிப் குரோனிங் என்ற ஜெர்மானியத் திரைப்பட இயக்குநர் 1984இல் உள்ளே படம் எடுக்க அனுமதி கேட்டார். பதில் வந்தது 16 ஆண்டுகள் கழித்து. நம் அலுவலகங்களை யாரும் இனிக் குறை சொல்ல வேண்டாம்! படம் 2005இல் வெளிவந்தது.

மாலையில் இறங்கி வந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 1903இல் வெளியேறியவர்கள் 1940 ஜூனில் திரும்பினார்கள் என்று அவர் அருங்காட்சியகத்தில் படித்திருந்தார். பாரீஸ் ஜெர்மானியர் கையில் விழுந்த மாதம் அது. இத்தாலியும் பிரான்சின்மீது போர் அறிவித்த மாதம். நாட்டில் ஏராளமானோர் வீட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது இவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"முப்பத்தேழு வருஷம். போனப்போ இளைஞனா இருந்தவன் கிழவனாத்தான் வந்திருப்பான்" என்றார் அண்ணன்.

நான் வேலை பார்த்ததும் அதே 37 ஆண்டு. அண்ணன் ஊரைவிட்டுப் போனது அதற்கும் முன்னால். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அண்ணனுக்கு இருபது வயது. அவர் எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனான நான் அப்பா பக்கம். அண்ணன் சொல்தாவாகப் போனார், பிறகு கிரெனோபிளில் வேலை, வீடு, பிள்ளைகள். விடுமுறைக்கு வருவார், போவார். ஒரு காகிதத்தின் இரண்டு பக்கத்தில் நாங்கள் இருவரும் வாழ்ந்தோம்.

"நீங்க எப்பவாவது திரும்பி வந்துடலாம்னு நெனைச்சீங்களா?" என்று அன்றுதான் கேட்டேன். அதுவரை கேட்டதில்லை. சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புரூனோ வரலையே" என்றார். அவ்வளவுதான். 2019இல் அங்கேயே காலமானார்.

இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். 1816இலும் 1940இலும் திரும்ப முடிந்ததற்குக் காரணம், போன இடத்திலும் துறவியர் அதே நேரத்தில் எழுந்து, அதே செபத்தைச் சொல்லி, அதே முறையைக் காத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மடத்தைத் தங்களோடு எடுத்துப்போய், தங்களோடு எடுத்துவந்தார்கள். குடும்பம் அப்படி அல்ல. போன இடத்தில் வேர் விடும், வேர் விட்டதைப் பிடுங்க மனம் வராது. அண்ணன் வீட்டில் பிள்ளைகள் இன்றும் தமிழ் பேசுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். அவர் எடுத்துப்போனது அது. திரும்பி வராததை நான் குறையாக எண்ணுவதில்லை.

பிள்ளைகளைப் பார்க்க பிரான்சுக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அந்த மலைக்கு நல்ல காலம். முழங்கால் வலி உள்ளவர்கள் லா கொரேரியோடு நின்றுவிட்டாலும் போதும், அருங்காட்சியகமே அரைநாள் எடுக்கும். தெம்புள்ளவர்கள் காசாலிபுஸ் கோவில் வரையாவது போங்கள். மதில் ஓரம் நடக்கும்போது மட்டும் கைபேசியை அணைத்துவிட்டு, பேச்சை நிறுத்திவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் தொள்ளாயிரம் ஆண்டாகக் கேட்பது அது ஒன்றுதான்.