வாலன்டினாவின் காளான்கள்

1927 ஆகஸ்ட் மாதக் கடைசி. அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலைக்காட்டுக்குத் தேனிலவுக்கு வந்திருந்தார் மாஸ்கோவில் பிறந்த வாலன்டினா பாவ்லோவ்னா. மரங்களுக்கடியில் காளான்களைக் கண்டதும் கணவரை விட்டுவிட்டு ஓடினார். மண்டியிட்டு, ரஷ்ய மொழியில் பெயர் சொல்லிச் சொல்லிப் பறித்தார். எல்லாம் நஞ்சு என்று கணவர் கார்டன் வாசன் தடுத்தும் கேட்கவில்லை. அன்றிரவு அவற்றைச் சமைத்துத் தனியாகவே சாப்பிட்டார். விடியும்போது மனைவி உயிரோடு இருக்கமாட்டாள் என்று கணவர் அஞ்சினார். வாலன்டினா நலமாகவே எழுந்தார்.

காளான் ஆய்வு வரலாற்றில் இது பெரும்பாலும் கணவரின் வியப்பாகவே சொல்லப்படுகிறது. நான் இதை மனைவியின் அறிவாக வாசிக்கிறேன்.

அந்த விடியலை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்திருக்க முடியாது. அமனிடா ஃபலாய்டஸ் என்ற கொடிய காளானை உண்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. அவை நின்று உடல் தேறியதுபோல் தோன்றும்போதும் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பது வெறும் நம்பிக்கைதான். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள், தண்டிலுள்ள வளையம், மண்ணுக்குள் மறைந்த உறை, வித்துத்தூளின் நிறம், அருகில் நிற்கும் மரம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டும். ஒரு நாட்டில் பழகிய கண் இன்னொரு நாட்டுக் காட்டில் ஏமாறியதும் உண்டு. வாலன்டினாவிடம் இருந்தது அசட்டுத் துணிச்சல் என்று நான் நினைக்கவில்லை. ரஷ்யாவில் குழந்தைகள் பெரியவர்களோடு காட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்ட பாடம் அது. குளிர்காலத்துக்காகக் காளானை உப்பிட்டும் உலர்த்தியும் வைத்த வீடுகளின் அறிவு அது. சமையல் என்று பெயரிட்டதால் யாரும் அதை அறிவியலில் சேர்க்கவில்லை.

குழந்தை மருத்துவரான வாலன்டினா கணவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் தரவு திரட்டினார். ரஷ்யச் சமையல் நூலாகத் தொடங்கிய அந்த வேலை 1957இல் ‘காளான்கள், ரஷ்யா, வரலாறு’ என்ற இரண்டு தொகுதிகளாக வந்தது. அச்சிட்டவை 512 படிகள் மட்டுமே. நூலாசிரியர்களில் முதல் பெயர் அவருடையது.

அதே ஆண்டு மே மாதம் ‘லைஃப்’ இதழில், மெக்சிகோவின் மசாடெக் மக்களுடைய காளான் சடங்கைப் பற்றி கார்டன் எழுதிய கட்டுரை உலகெங்கும் பரவியது. சில நாட்களில் வாலன்டினாவும் வேறோர் இதழில் எழுதினார். அதை நினைவில் வைத்தவர்கள் குறைவு. 1958இன் கடைசி நாளில் அவர் இறந்தார். கார்டன் 1986 வரை வாழ்ந்தார். அந்தத் துறையின் தந்தை எனப்பட்டார். சடங்கை நடத்திய மரியா சபீனாவோ, வெளியாட்கள் ஊருக்குள் குவிந்ததால் சொந்த மக்களின் கோபத்துக்கு ஆளாகி, வீடு எரிக்கப்பட்டு நின்றார்.

ஒரு பெண் காட்டுக்குள் அழைத்துப்போனார். இன்னொரு பெண் சடங்குக்குள் அனுமதித்தார். தந்தை என்ற பட்டத்தை நாம் திருப்பிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த இருவரும் அடிக்குறிப்பாகிவிடுகிறார்கள்.